பிதாகரஸ் தேற்றம்

செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை அடக்கிய இரு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் கர்ணத்தின் வர்க்கம் கிடைக்கும் என்பது பிதாகரஸ் தேற்றம். பக்கங்கள் 3, 4 எனில் 9-உம் 16-உம் சேர்ந்து 25; கர்ணம் 5. கிரேக்க அறிஞர் பிதாகரஸின் (கி.மு. சுமார் 570–495) பெயரைத் தாங்கினாலும், அவர் பிறப்பதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இது வழக்கில் இருந்தது. எண்களை அறிவது, விதியைச் சொல்வது, அதை நிரூபிப்பது ஆகிய மூன்றும் வெவ்வேறு காலங்களில் நிகழ்ந்தவை. 'யார் முதலில்?' என்ற வழக்கு பெரும்பாலும் இவற்றைக் குழப்பிக்கொள்வதால் எழுவது.

மிகப் பழைய சான்றுகள் பாபிலோனியாவின் களிமண் பலகைகள். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உள்ள 'பிளிம்டன் 322' கி.மு. 1800-ஐ ஒட்டியது. அதன் 15 வரிகளுள் ஒன்றில் ஒரு பக்கம் 12709, கர்ணம் 18541 என்று இருக்கிறது. விடுபட்ட பக்கம் 13500. இவ்வளவு பெரிய எண்கள் தற்செயலாகப் பொருந்தியிருக்க முடியாது. எகிப்தியர் 12 முடிச்சுக் கயிற்றால் செங்கோணம் அமைத்தனர் என்று பல நூல்கள் எழுதுகின்றன. அது 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் ஒருவரின் ஊகமே.

விதியைப் பொதுவாகச் சொன்ன மிகப் பழைய நூல்களுள் ஒன்று பௌதாயனரின் சுல்ப சூத்திரம். சுல்பம் என்றால் கயிறு. வேள்விமேடைகளை அளந்து கட்டுவதற்கான கையேடு இது. செவ்வகத்தின் மூலைவிட்டத்தின் மீது அமையும் சதுரம், இரு பக்கங்களின் மீது அமையும் சதுரங்களின் கூடுதலுக்குச் சமம் என்கிறது. முக்கோணம் என்ற பேச்சே இல்லை. 2-இன் வர்க்கமூலத்துக்கு அது தரும் மதிப்பு 577/408. ஐந்து தசம இடங்கள் வரை சரி.

தமிழில் போதையனார் பெயரில் ஒரு செய்யுள் வழங்குகிறது. நீண்ட பக்கத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழித்து, மிச்சத்தோடு குட்டைப் பக்கத்தின் பாதியைக் கூட்டினால் கர்ணம் என்பது அதன் கருத்து. 4, 3 எனில் 3.5 + 1.5 = 5. 12, 5 எனில் 10.5 + 2.5 = 13. பிதாகரஸுக்கு முன்பே தமிழர் கண்ட தேற்றம் இது என்று மேடையில் முழங்குவோர் இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தத்தான் வேண்டும்: இவ்விரு விகிதங்களைத் தவிர வேறெந்த முக்கோணத்துக்கும் வாய்பாடு துல்லியமாகப் பொருந்தாது. 24, 7 எனில் 24.5 வரும், உண்மை 25. பத்தடிச் சதுர அறையின் மூலைவிட்டத்தில் ஏறக்குறைய ஐந்து அங்குலம் குறையும். ஆகவே இது தேற்றம் அன்று, வர்க்கமூலம் எடுக்காமலே விடையை நெருங்கும் தோராயம். அந்த வகையில் கெட்டிக்காரத்தனமானதுதான். இல்லாத பெருமையை ஏற்றி அதைக் கெடுக்க வேண்டியதில்லை.

பிதாகரஸ் எழுதியதாக எந்த நூலும் எஞ்சவில்லை. தேற்றத்தைக் கண்ட மகிழ்ச்சியில் காளையைப் பலியிட்டார் என்ற கதை, புலால் மறுத்தவர் என்று பெயர் பெற்றவருக்குப் பொருந்தவும் இல்லை. நமக்குக் கிடைத்துள்ள தெளிவான நிரூபணம் யூக்ளிடுடையது: கி.மு. 300 அளவில் எழுந்த 'மூலங்கள்' முதற் புத்தகத்தின் 47ஆம் கூற்று. செங்கோண முனையிலிருந்து கர்ணத்துக்குக் குத்துக்கோடு இறக்கி நீட்டினால், கர்ணத்தின் மீதுள்ள சதுரம் இரு செவ்வகங்களாகப் பிரியும். ஒவ்வொன்றும் ஒரு சிறிய சதுரத்துக்குச் சமம். அடுத்த கூற்றான 48, இதன் மறுதலை. மனையில் மூலை பார்க்கும் கொத்தனார் ஒரு நூலில் 3 அடியும் இன்னொன்றில் 4 அடியும் குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று டேப் பிடிக்கிறாரே, அவர் பயன்படுத்துவது இந்த 48-ஐத்தான்.

சீனத்தில் இத்தேற்றத்துக்கு 'கோகு' என்று பெயர். 1150இல் பாஸ்கரர் இயற்றிய லீலாவதி இதை மயிலும் பாம்புமாக ஆக்கிக் கணக்குப் போடுகிறது: 9 முழத் தூணின் மேல் மயில், தூணின் அடியிலுள்ள வளையை நோக்கி 27 முழத்துக்கு அப்பாலிருந்து பாம்பு வருகிறது, இரண்டும் சம தூரம் கடந்தால் எங்கே சந்திக்கும்? வளையிலிருந்து 12 முழத்தில். 9, 12, 15 என்பது 3, 4, 5-இன் மும்மடங்கு.

பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான கார்ஃபீல்டு, 1876இல் சரிவகத்தை வைத்து ஒரு நிரூபணம் வெளியிட்டார். நூற்றுக்கணக்கான நிரூபணங்களைத் தொகுத்த லூமிஸ், முக்கோணவியலே இத்தேற்றத்தின் மேல் நிற்பதால் அதன் வழியே நிரூபிக்க இயலாது என்றார். நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த இரண்டு மாணவியர் பள்ளியில் படிக்கும்போதே முக்கோணவியல் வழியில் நிரூபித்தார்கள். 2024இல் ஆய்விதழில் வந்த அவர்களது கட்டுரையின் தலைப்பு: 'பிதாகரஸ் தேற்றத்துக்கு ஐந்து அல்லது பத்துப் புதிய நிரூபணங்கள்'.