கட்டப்படாத படகுத்துறை

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து தெற்கே பசிபிக் கடற்கரை நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு ஹண்டிங்டன் பீச் நகரம் நெருங்கும்போது ஒரு காட்சி தென்படும். வலப்பக்கம் மணற்கரை, அலைகள். இடப்பக்கம் ஆழமில்லாத உப்புநீர்ப் பரப்பு, பச்சையும் செம்மையும் கலந்த உவர்ச்செடிகள், அவற்றுக்கு நடுவே இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்க் கிணறுகள். போல்சா சிக்கா என்ற சதுப்புநிலம் அது.

இங்கே 5,700 வீடுகளும் 75 ஏக்கரில் உல்லாசப் படகுத்துறையும் வந்திருக்க வேண்டும். கடலையும் துறையையும் இணைக்க 600 அடி அகல வாய்க்கால், அதன் வாயில் அலைத்தடுப்புச் சுவர் என்றெல்லாம் வரையப்பட்ட அந்தத் திட்டத்துக்கு 1985இல் ஒப்புதலும் கிடைத்திருந்தது. கொடுத்தவை ஆரஞ்சு மாவட்ட நிர்வாகமும், கடற்கரையைக் காப்பதற்கென்றே அமைக்கப்பட்ட மாநில ஆணையமும்.

இந்த நிலத்தின் மேல் மனிதன் கைவைத்தது அப்போது முதன்முறை அல்ல. 1899இல் வசதி படைத்தவர்கள் நடத்திய ஒரு வேட்டைக் கழகம், கடல்நீர் உள்ளே வந்துபோன இயற்கையான முகத்துவாரத்தை அணைகட்டி அடைத்தது. வாத்து சுடுவதற்கு நன்னீர்க் குளங்கள் வேண்டும் என்பதே காரணம். ஓதம் ஏறி வற்றுவதை நம்பி வாழ்ந்த நண்டும் மீனும் சிப்பியும் ஒரே அடைப்பில் வாழ்விடத்தை இழந்தன. அதே கழகத்தார் பக்கத்து மேட்டில் யூகலிப்டஸ் கன்றுகளையும் நட்டார்கள். அந்த மரங்களுக்கு இந்தக் கதையில் பின்னால் பெரிய வேலை இருக்கிறது.

1920இல் ஹண்டிங்டன் பீச்சில் எண்ணெய் கிடைத்தது. இருபது ஆண்டுகளில் துளையிடும் இயந்திரங்கள் சதுப்புக்குள்ளும் வந்தன; மண்பாதைகளும் குழாய்களும் அதைத் துண்டு துண்டாக்கின. 1970இல் நிலத்தின் பெரும்பகுதி சிக்னல் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அலைபடும் நிலம் மக்களுக்கே சொந்தம் என்று மாநில அரசு உரிமை கோர, 1973இல் இரு தரப்பும் சமரசத்துக்கு வந்தன. அரசுக்கு 300 ஏக்கருக்கு மேல் கிடைத்தது. படகுகள் போய்வர வாய்க்கால் அமைந்தால் இன்னும் கொஞ்சம் நிலம் சேரும் என்பது உடன்பாடு. பொதுச்சொத்தைக் காக்க வேண்டிய அரசே இப்படிப் படகுத்துறைக்கு வழிவிட்டது. இந்த வரலாற்றின் மிக மோசமான பக்கம் இதுதான்.

எதிர்ப்பு பக்கத்து வீதிகளிலிருந்து கிளம்பியது. 1976இல் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ‘அமிகோஸ் டி போல்சா சிக்கா’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மூன்றாண்டில் அந்தச் சமரசத்தை எதிர்த்து வழக்கும் போட்டார்கள். 600 அடி வாய்க்கால் என்றால் மணற்கரையை மட்டுமல்ல, நெடுஞ்சாலையையும் அறுத்துக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். பாய்மரம் தாங்கிய படகுகள் அடியில் போக வேண்டுமென்றால் பாலம் உயர்ந்து எழ வேண்டும். அலைத்தடுப்புச் சுவர் நின்றால் கரையோரமாக நகரும் மணல் ஒரு பக்கம் தேங்கும், மறுபக்கக் கரை கரையும். அலைச்சறுக்குக்குப் பெயர்போன ஊரில் இந்தப் பேச்சு காதில் விழாமல் போகாது. 1988 வாக்கில் வாய்க்காலின் பாதிப்பு பற்றிய கவலை வலுத்து, நிலத்தை வைத்திருந்தவர்கள், மாவட்டம், நகராட்சி, அமிகோஸ் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். அடுத்து வந்த திட்டத்தில் படகுத்துறையும் வாய்க்காலும் இல்லை. வீடுகளும் சுமார் 3,300 ஆகக் குறைந்திருந்தன.

அதையும் சிலர் ஏற்கவில்லை. அவர்கள் நடத்திய வழக்கில் 1999இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்த தீர்ப்பு நிதானமாகப் படிக்க வேண்டிய ஒன்று.

வழக்கில் பேசப்பட்டவை மிகச் சிறிய இடங்கள். ஒன்று, வார்னர் அவென்யூ ஓரத்தில் இரண்டு ஏக்கருக்கும் குறைவான ஒரு குளம். மேட்டில் வீடுகள் வந்தால் வண்டிகள் பெருகும், சாலையை அகலப்படுத்த வேண்டும், அதற்குக் குளத்தைத் தூர்க்கலாம் என்று ஆணையம் அனுமதித்திருந்தது. இருக்கிற போக்குவரத்து தடைபடாமலிருக்கச் சாலையைக் கொஞ்சம் விரிப்பதற்குத்தான் சட்டத்தில் இடமுண்டு, புதுக் குடியிருப்பு கொண்டுவரும் வண்டிகளுக்காக நீர்நிலையை மூட இடமில்லை என்றது நீதிமன்றம். போக்குவரத்து நெரிசல் ஒரு தனிப் புகார், சூழல் கேடு இன்னொரு தனிப் புகார் என்று பிரித்துப் பேசுவது நம் வழக்கம். ஒரு குடியிருப்பு தன் வேலிக்கு வெளியே கேட்கும் சாலையும் அந்தக் குடியிருப்பின் கேடுதான் என்பதை இந்தக் குளத்து வழக்கு நிறுவிக்காட்டியது.

இன்னொன்று, வேட்டைக் கழகத்தார் நட்ட யூகலிப்டஸ் தோப்பு. அயல் மண்ணின் மரங்கள், அவற்றிலும் பாதி பட்டுக்கொண்டிருந்தவை; எஞ்சியிருந்தது ஆறரை ஏக்கர். ஆனால் பருந்து, வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் அங்கேதான் அமர்ந்து சதுப்பை நோட்டமிட்டன. பறவைகள் அமர வேறிடத்தில் வசதி செய்துதருகிறோம், தோப்பை வீட்டுமனையாக்குகிறோம் என்ற ஏற்பாட்டை நீதிமன்றம் தள்ளியது. வாழிடத்தை இருக்கும் இடத்திலேயே காக்க வேண்டும் என்று அது சொன்னது, பின்னால் எத்தனையோ கலிஃபோர்னியக் கடலோர வழக்குகளில் எடுத்தாளப்பட்டிருக்கிறது. சதுப்பின் ஒரு பகுதியில் வீடு கட்டி, அந்தப் பணத்தில் மீதியைச் சீராக்கலாம் என்ற வாதமும் எடுபடவில்லை.

தீர்ப்புக்கு முன்பே, 1997இல், மாநில அரசு தாழ்நிலத்தில் 880 ஏக்கரை 2.5 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. லாஸ் ஏஞ்சலிஸ், லாங் பீச் துறைமுகங்கள் தங்கள் விரிவாக்கத்தால் கடலுக்கு நேர்ந்த இழப்பை ஈடுசெய்யத் தந்த பணம்தான் நில மீட்புக்கும் சீரமைப்புக்கும் பெருமளவு உதவியது. 2006 ஆகஸ்ட் 24 அன்று மணல் தடுப்பு உடைக்கப்பட, 107 ஆண்டுகளுக்குப் பிறகு கடல் நேராக உள்ளே வந்தது. மேட்டு நிலத்தின் கீழ்ப்பகுதியில் 103 ஏக்கரையும் 2005இல் 6.5 கோடி டாலருக்கு அரசு வாங்கிவிட்டது.

வெற்றி முழுமையானதல்ல. மேட்டின் உச்சியில் 349 வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது. எட்டாயிரம் ஆண்டுப் பழமை கொண்ட தொல்குடி வாழ்விடம் அது. பல்சக்கரம் போல் செதுக்கிய கற்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்த இடம். கட்டுமானத்தின்போது மனித எலும்புகளும் வெளிப்பட்டன. டோங்வா, அஹாச்செமென் மக்களின் முன்னோர் உறங்கிய மண்ணுக்கு, பறவைகளுக்குக் கிடைத்த காவல்கூடக் கிடைக்கவில்லை.

மீண்டு வந்த நிலமும் எளிதில் குலைந்துவிடக்கூடியது. 2021 மே மாதம், பறக்கவிடத் தடையுள்ள இடத்தில் யாரோ ஓட்டிய ட்ரோன் ஒன்று கூடுகள் இருந்த திட்டில் விழ, சுமார் 3,000 ஆலாக்கள் மிரண்டு பறந்தன. மணலில் விட்டுப்போன 1,500 முட்டைகள் பொரியவே இல்லை. புது முகத்துவாரத்திலும் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. அவ்வப்போது தூர்வாரினால்தான் ஓதம் தடையின்றி ஏறி இறங்கும். அந்தச் செலவைத் தள்ளிப்போட்டால் வேட்டைக் கழகத்தின் அணை செய்ததை மணலே செய்துவிடும்.