வெப்பம் எங்கே போகிறது? மேசைக் கணினியின் மின்வழங்கி பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

சென்ற மே மாதம், தில்லியில் நான் ஆய்வு மேற்கொள்ளும் துறையின் கணினி அறையில் ஒரே வாரத்தில் இரண்டு மேசைக் கணினிகள் அணைந்தன. அவற்றுள் ஒன்றில் என் சக ஆய்வாளர் ஒருவர் எட்டு மாதங்களாகச் சேர்த்த ஆவணக்காப்பகப் படிமங்கள் இருந்தன. மின்வழங்கி எரிந்தபோது வன்தட்டையும் உடன் கொண்டுபோய்விட்டது. நேரு பிளேஸ் கடையொன்றில் பெட்டியைத் திறந்த மெக்கானிக் ஒரு பார்வையிலேயே சொல்லிவிட்டார்: "எஸ்.எம்.பி.எஸ். போய்விட்டது." தலை உப்பிய மின்தேக்கிகளையும் தூசி அடைத்த விசிறியையும் காட்டினார். வெயில் காலத்தில் இது வாடிக்கைதான் என்றார்.

அவர் சொன்ன அந்த நான்கு எழுத்துகளைப் பற்றியே இப்பதிவு. நேரு பிளேஸ் முதல் சென்னை ரிச்சி தெரு வரை இந்தியப் பழுதுபார்ப்புக் கடைகளில் கணினியின் மின்வழங்கிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்றே பெயர். விரித்தால் 'ஸ்விட்ச்டு மோட் பவர் சப்ளை'. மின்னோட்டத்தை விடாமல் திறந்து மூடிச் சீராக்கும் கருவி என்பது பொருள். அப்படித் திறந்து மூடாத வேறொரு வகை முன்பு இருந்தது, அதை இது வென்றது என்னும் செய்தி அப்பெயருக்குள்ளேயே இருக்கிறது. கணினி வரலாற்று நூல்கள் பெரிதும் பேசாத ஒரு மாற்றத்தைக் கடைத்தெருவின் சொல் காத்துவைத்திருக்கிறது.

கணினியின் வரலாற்றை நாம் பெரும்பாலும் சில்லுகளின் வரலாறாகவோ மென்பொருளின் வரலாறாகவோதான் படிக்கிறோம். ஆனால், கணினிக்குள் நுழையும் மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வெப்பத்தை இடம் மாற்றலாம், குறைக்கலாம். அறவே நீக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு காலத்துக் கணினியிடமும் வரலாற்றாய்வாளர் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: வெப்பம் எங்கே அனுப்பப்பட்டது? அதன் செலவை யார் ஏற்றார்கள்?

தொடக்கத்தில் செலவை ஏற்றது கட்டடம். 1946-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அறிமுகமான எனியாக் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தை உண்டது. அவ்வளவும் வெப்பமாக மாறியதால், காற்றை உந்தித் தள்ளும் ஊதிகள் அதன் உறுப்புகளாகவே அமைந்தன. முப்பது ஆண்டுகள் கழித்து, 1976-இல் வெளிவந்த கிரே-1 மீக்கணினி சுமார் 115 கிலோவாட் எடுத்தது. குழாய்களில் ஓடிய ஃபிரியான் அதைக் குளிர்வித்தது. அதன் அடிப்பகுதியைச் சுற்றி மெத்தை வைத்த இருக்கைகள் இருப்பதைப் படங்களில் கண்டிருப்பீர்கள். அவ்விருக்கைகளுக்குள் மறைந்திருந்தவை மின்வழங்கிகள். இவ்வகைக் கணினியை வாங்கிய நிறுவனம் குளிரூட்டும் ஏற்பாட்டையும் சேர்த்தே வாங்கியது.

வீட்டு மேசைமேல் வைக்கும் கணினிக்கு இந்த வழி உதவாது. அங்கே முதல் இடையூறாக நின்றது அன்றைய மின்வழங்கிதான். 'நேரியல்' வகை எனப்படும் அது, கனத்த இரும்பு மின்மாற்றியால் மின்னழுத்தத்தைக் குறைத்து, மிகுதியானதை ஒரு டிரான்சிஸ்டரில் வெப்பமாக எரித்துச் சீராக்கும். 5 வோல்ட் தேவைப்படும் சுற்றுக்கு 9 வோல்ட் வந்து 5 ஆம்பியர் பாய்கிறது என்று கொள்வோம். பயன்படுவது 25 வாட். சீராக்கியில் மட்டும் வீணாவது 20 வாட். கணினி ஒரு கணக்கையும் தொடங்குமுன்னரே அதன் மின்வழங்கி ஓர் அடுப்பாகிவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். மிகுதியை எரிப்பதில்லை, தேவைக்கு மேல் எடுப்பதைத் தவிர்க்கிறது. நம் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்மின்சாரமாக்குகிறது. பின் அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை துண்டித்து இணைக்கிறது. எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மாற்றுவதன் மூலமே வெளியீட்டு அழுத்தத்தைக் கட்டுப்படுத்துகிறது. முழுதும் திறந்த டிரான்சிஸ்டரிலும் முழுதும் மூடியதிலும் இழப்பு மிகக் குறைவு. துடிப்பின் வேகம் கூடுவதால் மின்மாற்றியும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. எடை, வெப்பம் இரண்டும் ஒருசேரக் குறைந்தன.

இம்மாற்றத்துக்கு யாரைப் பாராட்டுவது? 1977-இல் வெளிவந்த ஆப்பிள் II கணினியில் விசிறி இல்லை. விசிறியின் இரைச்சல் ஸ்டீவ் ஜாப்ஸுக்குப் பிடிக்கவில்லை என்பதால், ராட் ஹோல்ட் என்ற பொறியாளர் சுமார் 38 வாட் திறனுள்ள எஸ்.எம்.பி.எஸ். ஒன்றை வடிவமைத்தார், அதற்கு 1978-இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. இன்றைய கணினிகள் எல்லாம் ஹோல்ட்டின் வடிவமைப்பைத் திருடியவையே என்ற பொருளில் ஜாப்ஸ் பிற்காலத்தில் கூறியதை, வால்டர் ஐசக்சன் எழுதி 2011-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்றில் காணலாம்.

பழைய மின்சுற்றுகளை ஆராய்ந்து எழுதும் கென் ஷிரிஃப் இக்கூற்றைப் பழைய சுற்றுப்படங்களோடும் காப்புரிமைகளோடும் ஒப்பிட்டுப் பார்த்து, அது பொருந்தவில்லை என்று காட்டினார். செயற்கைக்கோள்களில் இந்நுட்பம் 1960-களிலேயே பயன்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் டெக், ஹியூலெட்-பக்கார்ட் நிறுவனங்களின் சிறுகணினிகளில் அது இடம்பெற்றிருந்தது. ராபர்ட் பாஷர்ட் என்பவர் மலிவான எஸ்.எம்.பி.எஸ்.களைச் செய்து விற்கும் தொழிலை அந்தப் பத்தாண்டிலேயே வளர்த்திருந்தார். உயர் அழுத்தத்தில் விரைந்து இயங்கும் டிரான்சிஸ்டர்களின் விலை வீழ்ந்ததும், கட்டுப்பாட்டுச் சுற்று முழுவதையும் ஒரே சில்லில் அடக்கிய சிலிக்கான் ஜெனரல் நிறுவனத்தின் எஸ்.ஜி.1524 1976-இல் வந்ததும் இந்த மாற்றத்தின் உண்மையான காரணங்கள். ஹோல்ட்டின் வேலை திறமையானது. ஆனால் அது ஓடிக்கொண்டிருந்த ஆற்றில் எடுத்த ஒரு குடம் நீர். தனிமேதையின் கதையைச் சொல்லும் பழக்கம் நுட்ப வரலாற்றில் எவ்வளவு எளிதாக ஆதாரத்தை மறைக்கிறது என்பதற்கு, வகுப்பறையில் எடுத்துக்காட்ட இதைவிடச் சிறிய, தெளிவான சான்று கிடைப்பது அரிது.

விசிறியில்லாக் கனவின் தொடர்ச்சி அவ்வளவு இனிமையானதாக இல்லை. 1980-இன் ஆப்பிள் III கணினியிலும் விசிறி இல்லை. அலுமினியச் சட்டகமே வெப்பத்தைக் கடத்தும் என்று நம்பினார்கள். பலகையில் சில்லுகள் தம் குழிகளிலிருந்து நெகிழ்ந்தன. கணினியைச் சில அங்குலம் தூக்கிக் கீழே போடுமாறு பயனர்களுக்கு அறிவுரை கூறப்பட்டது. குற்றம் முழுவதும் வெப்பத்துடையதா, நெருக்கமாக வரைந்த மின்சுற்றுப் பலகைக்கும் பங்குண்டா என்பதில் உருவாக்கியவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1984-இன் மேகிண்டாஷ் கணினியும் விசிறியின்றியே வந்தது. 1987-இல் வந்த மேகிண்டாஷ் எஸ்.இ.யில் விசிறி சேர்ந்துவிட்டது.

ஐபிஎம் நிறுவனம் தொடக்கத்திலேயே வேறு முடிவெடுத்தது. 1981 ஆகஸ்டில் வந்த அதன் தனியாள் கணினியில் 63.5 வாட் மின்வழங்கி இருந்தது; கணினியின் ஒரே விசிறி அந்த மின்வழங்கிக்குள்ளேயே இருந்தது. அது தன் வெப்பத்தோடு பெட்டிக்குள் இருந்த மற்றவற்றின் வெப்பத்தையும் இழுத்து வெளியேற்றியது. சூடாக்குவதும் மூச்சுவிடுவதும் ஒரே உறுப்பின் பணியாயின. இந்த ஏற்பாட்டைப் பிற நிறுவனங்களும் பின்பற்றின; இருபது ஆண்டுகளுக்கு மேல் அதுவே வழக்கமாக நின்றது. அதன் விளைவு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெட்டியிலேயே மிகச் சூடான காற்றைச் சுவாசிக்கும் உறுப்பாக மின்வழங்கி ஆனது.

1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் தரநிலை இதைத் தலைகீழாக்க முயன்றது. மின்வழங்கியின் விசிறி வெளிக்காற்றை உள்ளிழுத்துச் செயலியின்மேல் வீசினால், செயலிக்குத் தனி விசிறி தேவைப்படாது என்று எண்ணினார்கள். ஆனால் மின்வழங்கியைக் கடந்து வரும் காற்று ஏற்கெனவே சூடேறியிருக்கும். செயலிகளின் வெப்பமோ ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டிருந்தது. பிந்தைய திருத்தங்களில் காற்று மீண்டும் வெளிநோக்கித் திரும்பியது.

அந்த உயர்வின் கதை தெரிந்ததே, சுருக்கமாகச் சொல்கிறேன். 1981-இன் செயலிக்கு வெப்பத்தகடுகூடத் தேவைப்படவில்லை. 1993-இன் முதல் பென்டியம் சுமார் 15 வாட் வரை வெளியிட்டது. 2004-இன் பென்டியம் 4 வகைகள் 100 வாட்டைத் தாண்டின. டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கினாலும் பரப்புக்கான ஆற்றல் மாறாது என்று 1974-இல் ராபர்ட் டென்னார்டும் சக ஆய்வாளர்களும் காட்டிய விதி, கசிவு மின்னோட்டத்தால் செயலிழந்துவந்தது. 2004 மே மாதம் இன்டெல் தன் அடுத்த தலைமுறையான டேஜாஸ் செயலியைக் கைவிட்டு, பல உள்ளகங்கள் கொண்ட செயலிகளை நோக்கித் திரும்பியது. நம் இணைநிரலாக்கப் பாடத்திட்டங்களுக்குப் பின்னால் இருப்பதும் வெப்பமே.

அதே 2004-இல் அமெரிக்காவில் '80 பிளஸ்' திட்டம் தொடங்கியது. மின்வழங்கி தன் திறனில் 20, 50, 100 விழுக்காடு சுமைகளில் குறைந்தது 80 விழுக்காடு பயனுறுதிறன் காட்ட வேண்டும் என்பது அதன் விதி. 2007-இல் அமெரிக்க எனர்ஜி ஸ்டார் விதிகளும் இதை ஏற்றன. கணக்கு எளிது. கணினிக்கு 300 வாட் தேவை என்க. 70 விழுக்காட்டுத் திறனுள்ள மின்வழங்கி சுவரிலிருந்து ஏறத்தாழ 429 வாட் எடுத்து 129 வாட்டைத் தன்னுள்ளேயே எரிக்கும். 80 விழுக்காட்டில் அது 75 வாட். 90 விழுக்காட்டில் 33 வாட். விசிறியைப் பெரிதாக்குவது வெப்பத்தை விரைவாக வெளியே அனுப்பும். பயனுறுதிறனை உயர்த்துவது வெப்பம் பிறப்பதையே குறைக்கும். எழுபதுகளின் மாற்றத்துக்குப் பின் இத்துறையில் நிகழ்ந்த முக்கியமான மாற்றமாக இதையே நான் கருதுவேன்.

இனி எங்கள் கணினி அறைக்குத் திரும்பலாம். 80 பிளஸ் சோதனைகள் 23 டிகிரி செல்சியஸை ஒட்டிய அறை வெப்பநிலையில் நடத்தப்படுகின்றன. பெட்டியின்மேல் அச்சிட்ட வாட் எண்ணை எந்த வெப்பநிலையில் உறுதியளிக்கிறார்கள் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்: சிலர் 25 டிகிரி, சிலர் 40, சிலர் 50. தில்லியின் மே மாதத்தில், குளிர்சாதனம் ஓடாத அறையில் 23 டிகிரி என்பது கற்பனை. மின்வழங்கிகளில் உள்ள மின்பகு மின்தேக்கிகளின் ஆயுளுக்குப் பொறியாளர்கள் தோராயமான விதியொன்றை வைத்திருக்கிறார்கள்: வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் ஆயுள் பாதியாகும். அறை 23 டிகிரியிலிருந்து 43 டிகிரிக்கு உயர்ந்து, மற்றவை மாறாதிருந்தால், ஆயுள் கால்பங்காகும். தூசி காற்றோட்டத்தை அடைத்தால் இன்னும் குறையும். உப்பிய மின்தேக்கி எல்லாமே வெப்பத்தால் ஆனதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2000-களின் தொடக்கத்தில் குறைபாடுள்ள மின்பகுபொருளால் உலகெங்கும் மின்தேக்கிகள் வெடித்த காலம் ஒன்றும் உண்டு. ஆயினும் கோடைதோறும் நேரு பிளேஸில் நிகழ்வதற்கு அந்தப் பழைய குறைபாடு விளக்கமாகாது.

அறைக்குக் குளிர்சாதனம் பொருத்தினால் சிக்கல் தீருமே எனலாம். தீரும், ஆனால் வெப்பம் சுவரின் மறுபுறம் போகிறது, அதற்கென இன்னும் கொஞ்சம் மின்சாரம் செலவாகிறது. முதலில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

எங்கள் துறையின் கொள்முதல் படிவத்தைத் தேடிப் படித்தேன். செயலி, நினைவகம், திரை, வன்தட்டு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கின்றன. மின்வழங்கிக்கு ஒரு கட்டமும் இல்லை. மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம் என்னும்போது, விவரிக்கப்படாத உறுப்பில்தானே விலை குறையும்? உங்கள் துறையில் கணினி வாங்கும் குழுவில் நீங்கள் இருந்தால் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: மின்வழங்கியின் பயனுறுதிறன் என்ன, அதன் வாட் அளவு எந்த வெப்பநிலையில் உறுதியளிக்கப்பட்டது. கோடைக்கு முன் ஒருமுறை தூசி தட்டுவதற்குச் செலவே இல்லை.

வரலாற்று மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் கருவி எந்தப் பருவத்தில் எப்படிச் சாகிறது என்பதை இந்நாட்டில் மிக நன்றாக அறிந்தவர்கள் பழுதுபார்ப்புக் கடைக்காரர்கள். அவர்களுடைய நினைவுகள் வாய்மொழி வரலாறாகப் பதிவு பெற வேண்டும். மாடிப்படிக்குக் கீழே ஆறடி இடத்தில் முப்பது ஆண்டுகளாக அமர்ந்திருக்கும் ஒருவரிடம், எந்தத் தரநிலை ஆவணத்திலும் இல்லாத தரவு இருக்கிறது.

என் சக ஆய்வாளர் இந்த மாதம் மீண்டும் ஆவணக்காப்பகத்துக்குச் சென்று முதல் கட்டிலிருந்து படமெடுக்கத் தொடங்கியிருக்கிறார். இம்முறை ஒவ்வொரு மாலையும் இரண்டு இடங்களில் படி எடுத்துவைக்கிறார்.

பிழைகள் இருப்பின் சுட்டிக்காட்டுங்கள், திருத்திக்கொள்கிறேன். உங்கள் ஆய்வுக்கூடங்களின் கோடை அனுபவங்களையும் எழுதுங்கள்.