சுவரை இடிக்கச் சொன்னவர்கள்: புதுச்சேரி மறைத்தளத்தில் வறுமையும் சமநீதியும் (1704–2022)

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் தமிழ்நாட்டு எல்லைக்குள் நுழைந்து, சற்றுத் தூரத்தில் மறுபடியும் புதுச்சேரி மண்ணுக்கு வருவோம். அங்கே இருப்பது காலாப்பட்டு. மத்தியப் பல்கலைக்கழகம், மத்தியச் சிறை, வரிசையாக மீனவக் குப்பங்கள், கணபதிச்செட்டிக்குளத்தில் மலங்கரை ஆர்த்தடாக்ஸ் சிரியன் திருச்சபையோடு தொடர்புடைய மதராஸ் மெடிக்கல் மிஷன் தொடங்கிய மருத்துவக் கல்லூரி ஆகியவை இங்கே உள்ளன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையையும் தாக்கியது. அதன்பின் கடலூரிலும் புதுச்சேரியிலும் நிவாரணத்துக்கு வந்தவர்களில் கிறித்தவ அமைப்புகள் முன்வரிசையில் இருந்தன. உதவி பெற்ற மீனவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். படகும் வலையும் கொடுத்தவர்கள் மதம் கேட்கவில்லை. இந்தக் கரையில் கிறித்தவத் தொண்டு எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை இது காட்டுகிறது.

ஆனால் தொண்டு வேறு, நீதி வேறு. இரண்டும் ஒரே நற்செய்தியிலிருந்து வந்தாலும், புதுச்சேரி மறைத்தளத்தில் ஒன்று மூன்று நூற்றாண்டுகளாகத் தாராளமாகக் கிடைத்தது. மற்றது கேட்டுக் கேட்டுத்தான் கிடைத்தது. கேட்டவர்கள் பெரும்பாலும் ஏழைகளே, குறிப்பாகச் சேரி மக்கள். ரோமும் ஆயர்களும் பல முறை பின்னால் வந்துதான் ஒப்புதல் தந்தார்கள். இக்கட்டுரை அந்த வரிசையைத் தொடர்கிறது.

தொடக்கம் 1704. திருத்தந்தையின் தூதராக 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கிய சார்ல் தோமா தெ தூர்னோன், மறு ஆண்டு ஜூன் 23 தேதியிட்டுப் பதினாறு கூறுகள் கொண்ட ஆணை ஒன்றை இந்நகரிலிருந்தே பிறப்பித்தார். உள்ளூர் வழக்கங்களைக் கிறித்தவர் பின்பற்றலாமா என்ற மலபார்ச் சடங்குகள் சர்ச்சையில் இந்த ஆணைக்குப் பெரிய இடம் உண்டு. தாலி, பொட்டு, பூப்புச் சடங்கு ஆகியவை பற்றி அது சொன்னதையே வரலாற்றாசிரியர்கள் அதிகம் பேசியிருக்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படும் கூறு வேறு. நோயுற்றுச் சாகக் கிடக்கும் பறையர் கிறித்தவருக்கு இறுதி அருட்சாதனம் கொடுக்கக் குருவானவர் அவர் வீட்டுக்கே போகவேண்டும் என்று அந்த ஆணை கட்டளையிட்டது. அப்படியொரு கட்டளை தேவைப்பட்டது என்பதே அன்றைய நிலையைச் சொல்லிவிடும். பிராமண சந்நியாசி வேடத்தில் வாழ்ந்த இயேசு சபைக் குருக்கள் சேரிக்குள் நுழைந்தால் மேல்சாதியார் அவர்களை ஏற்கமாட்டார்கள் என்ற அச்சம் இருந்தது. கீழ்ச்சாதியாரிடமும் பழகக்கூடிய பண்டாரசாமிகள் என்ற தனிக் குருக்கள் பிரிவு உருவானதும் அந்த அச்சத்தைச் சமாளிக்கவே.

நாற்பது ஆண்டுகள் வாதம் நடந்தது. 1744இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ‘ஓம்னியும் சொலிசித்துதினும்’ என்ற ஆணைமடலால் முடிவு கட்டினார். பறையர்களுக்கென்றே தனிக் குருக்களை ஒதுக்குகிறோம் என்று இயேசு சபையார் முன்வைத்த யோசனையை ரோம் ஏற்றது. அருட்சாதனம் வீடு தேடி வரும், ஆனால் கொண்டுவருபவர் வேறு குரு. அன்றே எழுதப்பட்ட இந்தச் சமரசத்தின் சாயலைப் பிற்காலத்தில் இரண்டு வாசல், இரண்டு கல்லறை, இரண்டு வரிசை என்று பல ஊர்களில் காண்கிறோம்.

அடுத்த ஆண்டே, 1745 அக்டோபரில், புதுச்சேரி சம்பா கோவிலில் ஒரு கலகம். அதை நமக்குச் சொல்பவர் நாட்குறிப்பு எழுதிய வணிகர் ஆனந்தரங்கப் பிள்ளை. அவர் கிறித்தவர் அல்லர், சேரி மக்களின் ஆதரவாளரும் அல்லர். அதனாலேயே அவருடைய நாட்குறிப்புச் சாட்சியம் கனமானது. கோவிலுக்குள் வடபுறத்தில் பறையர் கிறித்தவரை மற்றவர்களிடமிருந்து பிரிக்க ஒரு சுவர் இருந்தது. காரைக்காலிலிருந்து வந்த குருவானவர் ஒருவர் அதைக் கண்டு மனம் கொதிக்கிறார். சேரி மக்கள் பெரிய குருவிடம் திரளாகப் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள் என்றால் எங்களுக்கு மட்டும் ஏன் இந்தப் பிரிவு என்று கேட்கிறார்கள். சுவர் இடிக்கப்படுகிறது. மேல்சாதிக் கிறித்தவர்கள் எதிர்க்கிறார்கள். விவகாரம் ஆளுநர் வரை போகிறது.

இந்த நிகழ்ச்சியைக் குருக்களின் துணிவாக மட்டும் படிப்பது போதாது. ரோம் ஆணை அனுப்பிவிட்டது, குருக்களும் மனம் இரங்கினார்கள், எல்லாம் சரி. ஆனால் சுவரை இடிக்கும் வேகத்தைக் கொடுத்தது சேரியிலிருந்து கிளம்பிவந்த அந்தக் கூட்டம். தங்கள் பெயரைக்கூட எழுதிவைக்காத மக்கள் திருமுழுக்கின் பொருளை அதைக் கொடுத்தவர்களுக்கே எடுத்துச் சொன்னார்கள். இந்தியத் திருச்சபையின் சமூக நீதி வரலாற்றை ஐரோப்பிய மடல்களிலிருந்து தொடங்குகிறவர்கள் இந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்கவேண்டும்.

1773இல் இயேசு சபை ஒடுக்கப்பட்டது. 1776இல் பாரிஸ் வேதபோதக சபை பொறுப்பேற்றது. இடித்த சுவர் பல உருவங்களில் திரும்பி வந்தது; அது நீண்ட கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதிதாக வந்தது கல்வி. 1827இல் குளுனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் புதுச்சேரிக்கு வந்தார்கள். அச்சபையை நிறுவிய ஆன் மரி ழவூவே பிரெஞ்சு கயானாவின் மானா குடியேற்றத்தில் அடிமைகளின் விடுதலைக்கு உழைத்தவர். 1844இல் ஆயர் கிளெமான் பொன்னான் கூட்டிய புதுச்சேரி ஆயர்மன்றம் உள்நாட்டுக் குருக்களை உருவாக்குவதையும் பள்ளிகளைப் பெருக்குவதையும் தலையாய கடமையாக்கியது. அதே ஆண்டு அக்டோபரில் அருட்தந்தை லூயி சவினியான் துப்புய், பெண்களின் கல்விக்கென்றே தூய மரியன்னையின் மாசற்ற இதயப் பிரான்சிஸ்கன் சபையைத் தொடங்கினார். குடும்பப் பெண் எழுதப் படிக்கக் கற்பது இழிவு என்று கருதப்பட்ட காலத்தில் தமிழ்ப் பெண்களே ஆசிரியர்களாக நின்றார்கள்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. 1822இல் லியோன் நகரில் பொலின் ழரிக்கோ என்ற இளம்பெண் தொடங்கிய விசுவாசப் பரப்புதல் சங்கம், வாரம் ஒரு சூ (சிறு பிரெஞ்சுக் காசு) என்று எளியவர்களிடம் காசு சேர்த்தது. பட்டுத் தறியில் உழைத்தவர்களின் செப்புக் காசும் அதில் இருந்தது. 1843இல் பிறந்த திருக்குழந்தைச் சங்கம் பிரெஞ்சுச் சிறுவர்களிடம் மாதம் ஒரு சூ வாங்கியது. உலகின் ஒரு மூலை ஏழை இன்னொரு மூலை ஏழைக்குக் கொடுத்த காசு அது. அதை எளிதாக எடைபோட எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் காசின் பெரும் சோதனை 1876–78 பஞ்சம். சென்னை மாகாணத்தில் மட்டும் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். ஆயர் பிரான்சுவா லவுவெனான் காலத்தில் புதுச்சேரி மறைத்தளம் கஞ்சித் தொட்டியும் அநாதை இல்லமும் நடத்தியது. சேத்துப்பட்டை மையமாகக் கொண்டு உழைத்த அருட்தந்தை தராஸ் போன்றவர்களிடம் வடஆர்க்காட்டுச் சேரி மக்கள் கூட்டங்கூட்டமாக வந்து திருமுழுக்குப் பெற்றார்கள். 1886இல் புதுச்சேரி உயர்மறைமாவட்டமாக எழுந்தபோது அதன் மக்கள்தொகையில் கணிசமான பங்கு இவர்களால் வந்தது.

சோற்றுக்காக மதம் மாறியவர் என்று பொருள்படும் ‘அரிசிக் கிறித்தவர்’ என்ற ஏளனம் அப்போதும் எழுந்தது, இன்றும் ஒலிக்கிறது. இதை நான் முழுமையாக மறுக்கிறேன். பஞ்ச நிவாரண வேலைக் களத்திலும் தீண்டாமை பார்த்த சமூகத்தில், தன்னைத் தொட்டுத் தூக்கிய கையின் பக்கம் ஒருவர் சாய்ந்தால் அது கணக்குப் பார்த்த பேரம் ஆகாது. பசித்தவருக்கும் மானம் உண்டு, தேர்வு உண்டு. வந்தவர்களில் பலர் பஞ்சம் முடிந்தபின் கிறித்தவத்தில் நிலைத்தார்கள், சாதிக் கொடுமையை அங்கேயும் அனுபவித்துக்கொண்டே நிலைத்தார்கள்.

விமர்சனம் வேறிடத்தில் இருக்கிறது. 1848இல் பிரெஞ்சு ஆட்சி அடிமை முறையை ஒழித்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 1861 பிரிட்டிஷ்–பிரெஞ்சு உடன்பாட்டுக்குப் பின் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் பெருமளவில் ஏற்றப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து மொத்தமாகக் குவாதலூப்புக்குச் சுமார் 42,000 பேர், மார்த்தினீக்குச் சுமார் 25,000 பேர், ரீயூனியனுக்கு இன்னும் பலர். அநாதை இல்லத்தை நிரப்பிய அதே பசிதான் கப்பலையும் நிரப்பியது. பசித்தவருக்குச் சோறு போடுவதில் மறைத்தளம் சிறந்தது. அவர் ஏன் பசித்தார், நிலம் யாரிடம் இருந்தது என்ற கேள்வியை அந்த அளவு உரக்க எழுப்பவில்லை.

அந்தக் கேள்வி சற்று வடக்கே, செங்கல்பட்டில் எழுந்தது. 1880களின் இறுதியில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூவும் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் மிராசு என்ற பரம்பரை நில உரிமை முறையில் சிக்கிய படியாட்களின் (பண்ணையில் கட்டுண்ட கூலிகளின்) நிலையை அரசின் முன் வைத்தார்கள். புறம்போக்கு நிலம் கேட்டுச் சேரி மக்கள் கொடுத்த விண்ணப்பங்கள் மிராசுதாரர்களின் முன்னுரிமையால் தள்ளுபடியாகிக்கொண்டிருந்தன. ஆட்சியர் ட்ரெமன்ஹீரின் அறிக்கை இதையெல்லாம் தொகுத்தது. சேரி மக்களுக்கு நிலம் ஒதுக்க 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வதன் வேர் அதில் இருக்கிறது. இங்கும் விண்ணப்பம் போட்டவர்கள் முதலில், மிஷனரிகள் பிறகு, ஆட்சியர் அதற்கும் பிறகு. அதற்கு முந்தைய ஆண்டில்தான் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ மடலை வெளியிட்டிருந்தார். ஆலைத் தொழிலாளியின் நியாயமான கூலியைப் பேசிய அந்த மடலில், கடனுக்கும் சாதிக்கும் சேர்த்துக் கட்டுப்பட்ட படியாளின் முகம் தெரியவில்லை. நூறாண்டு கழித்தும் கணக்குத் தீரவில்லை: 1994 அக்டோபர் 10 அன்று பஞ்சமி நிலம் கேட்ட போராட்டத்தின்போது செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். ஒருவர் பெயர் கிறித்தவப் பெயர், மற்றவர் பெயர் இந்துப் பெயர். நிலம் அவர்களை ஒன்றாக்கியது.

விடுதலைக்குப் பின் சட்டமே புதிய சுவராக வந்தது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி நிலையை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். புதுச்சேரிக்கெனத் தனியே வந்த 1964 ஆணையிலும் கிறித்தவருக்கு இடமில்லை. ஆகவே காலாப்பட்டில் எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றாலும் அந்தப் பக்கம் நின்றாலும் தலித் கிறித்தவரின் நிலை இந்த விஷயத்தில் ஒன்றுதான். சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறித்தவர், தன்னைப் போன்ற தொழிலாளருக்கு அரசு கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்கு மட்டும் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறியபின்னும் அதே கடுமையோடு சாதி இழிவு தொடர்கிறது என்பதற்குச் சான்று போதாது என்று 1985இல் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சான்று போதாது என்ற தீர்ப்பு தமிழகத் தலித் கிறித்தவர்களை உலுக்கியது. அதற்கு முன்பே இலத்தீன் அமெரிக்காவில் 1968 மெதெயின் ஆயர் மாநாடும் 1971இல் குஸ்தாவோ குத்தியேரஸ் எழுதிய நூலும் ஏழைகளின் பக்கம் நிற்பதே விசுவாசம் என்று முழங்கியிருந்தன. அந்தக் குரலை வரவேற்ற இந்திய இறையியலில் சாதி விடுபட்டிருப்பதை 1981இல் பெங்களூரில் இறையியலாளர் ஏ. பி. நிர்மல் சுட்டிக்காட்டியிருந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு பறையிசையை வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இயேசு சபையின் அந்தோணி ராஜ் தமிழகப் பங்குகளில் நிலவிய பாகுபாடுகளை ஊர் ஊராகத் தொகுத்தார். 1992இல் எழுத்தாளர் பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ வந்தது. மடத்துக்குள்ளேயே இருந்து பார்த்த ஒரு பெண் சொன்ன சாட்சியம் அது. நீதிமன்றம் போதாதென்ற சான்று கோவில்களுக்கு உள்ளேயே இருந்தது.

2003 நவம்பரில் ரோமுக்குச் சென்ற தமிழக ஆயர்களிடம், கிறித்தவரிடையே சாதிப் பாகுபாடு மனித ஒருமைப்பாட்டுக்கு எதிரான அடையாளம் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கண்டித்தார். ஐந்தாண்டு கழியுமுன், 2008 மார்ச் 9 அன்று, புதுச்சேரி–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில் கலவரம் வெடித்தது. தங்களுக்கென்று தனிப் பங்கு வேண்டும் என்று தலித் கத்தோலிக்கர் கேட்டதே அதன் மூலம். தனிப் பங்கு கேட்பது பிரிவினை இல்லையா என்று அப்போது சிலர் கேட்டார்கள். பொதுக் கோவிலில் சமமாக நடத்தப்படாதவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? அன்றைய போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர் கிறித்தவர் இருவர் உயிரிழந்தார்கள். அந்தச் சாவுகளும் சாதியின் கணக்கிலேயே சேரும்.

2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கையை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டு, அதைப் பாவம் என்று அழைத்த ஆவணம் அது. 2022இல் புதுச்சேரிக்குப் புதிய பேராயர் நியமிக்கப்பட்டபோது, தலித் ஒருவருக்கு இந்தப் பொறுப்பு ஏன் வரவில்லை என்று தலித் கிறித்தவர்கள் போராடினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா இந்தியாவின் முதல் தலித் கர்தினாலானார். அக்டோபரில் பட்டியல் சாதி நிலை பற்றி ஆராய நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்தை மத்திய அரசு அமைத்தது. 1950 ஆணையை எதிர்த்த வழக்கு 2004ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றத்துக்கு வந்துவிட்டது.

நீதிமன்றத்துக்காகவோ ஆணையத்துக்காகவோ காத்திருக்க வேண்டாத காரியங்களும் உண்டு. மறைமாவட்டப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் மருத்துவமனைகளிலும் தலித் கிறித்தவர் எத்தனை பேர் படிக்கிறார்கள், எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள், பங்குப் பேரவைகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கை ஆண்டுதோறும் பேராயர் இல்லம் அச்சிட்டு, ஞாயிறு திருப்பலியில் எல்லாப் பங்குகளிலும் வாசிக்கவேண்டும். கல்லறைத் தோட்டங்களில் சாதிச் சுவர் இன்னும் நிற்கும் ஊர்களின் பெயர்களையும் அதோடு சேர்த்து வாசிக்கவேண்டும்.