புடவையை விட்டு ஜமக்காளத்துக்கு

அப்பட்டமான பொய்யை ‘ஜமுக்காளத்தில் வடிகட்டின பொய்’ என்பார்கள். மெல்லிய துணியில் வடிகட்டினால் கசடு கொஞ்சம் கீழே இறங்கிவிடும். ஜமக்காளத்தின் நெசவு அப்படி விடாது. அதைத் தாண்டி இறங்குவது துளியும் கலப்பில்லாத சரக்காகத்தான் இருக்கும். தறிப் பக்கமே போகாத ஜனங்களும் ஒரு துணியின் நெருக்கத்தை இவ்வளவு கவனித்திருக்கிறார்கள். அந்த நெருக்கத்துக்குப் பேர்போன ஊர் பவானி.

ஈரோட்டிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். காவிரியும் பவானியும் கலக்கும் கூடுதுறை, கரையில் சங்கமேஸ்வரர் கோயில். இன்றைய வரைபடத்தில் பவானி ஈரோடு மாவட்டத்திலும், பனியன் நகரமான திருப்பூர் தனி மாவட்டமாகவும் இருக்கின்றன. 1979-ல் பெரியார் மாவட்டம் பிரியும் வரை இரண்டும் ஒரே கோயம்புத்தூர் மாவட்டத்து ஊர்கள்தான். இந்த வட்டாரத்தின் துணிக் கதையைப் பனியனிலிருந்து மட்டும் தொடங்கினால் பாதிக் கதை விட்டுப்போகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இங்கிலாந்து ஆலைத் துணி நம் சந்தைகளில் குவிந்தது. ஆலைத் துணியின் விலைக்குக் கைத்தறிப் புடவையை விற்றால் நெசவாளி வீட்டில் உலை கொதிக்காது. பவானியில் நெய்துகொண்டிருந்த ஜங்கமர் சமூகத்தார் அப்போது ஒரு முடிவெடுத்தார்கள். ஆலை மெல்லிய துணியில் ஜெயிக்கிறதா, நாம் தடித்த நூலுக்குப் போவோம். சாயம் தோய்த்த முரட்டுப் பருத்தி நூலைத் தறியில் ஏற்றி விரிப்பாக நெய்தார்கள். விற்பனை சூடுபிடித்தது. புடவை நெய்த தறிகள் ஒவ்வொன்றாக ஜமக்காளத்துக்கு மாறின.

ஜமக்காளம் என்ற சொல் மட்டும் பவானிக்கே உரியதல்ல. மராத்தியில் ஜம்கானா என்கிறார்கள், கன்னடத்தில் ஜமகானா. கர்நாடகத்தின் நவல்குந்தில் நெய்யும் தரைவிரிப்புக்கும் இதே பெயர்தான். ஆனால் தமிழ்நாட்டில் ஜமக்காளம் என்றதும் வாயில் வருவது பவானிதான். கடைக்காரரும் ‘பவானி’ என்றுதான் எடுத்துப் போடுவார்.

பவானி ஜமக்காளத்தின் அடையாளம் அதன் பட்டைகள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள், ஊதா என்று ஒன்றையொட்டி ஒன்றாக, கண்ணைப் பறிக்கும் நிறங்கள். இந்த அழகு ஒரு கட்டாயத்தில் பிறந்தது. முரட்டு நூலில் கொடியும் பூவும் நுணுக்கமாக ஏறாது. நூல் அனுமதித்தது நிறத்தை மாற்றுவதை மட்டும்தான். நெசவாளி தன் கற்பனை முழுவதையும் எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம், எத்தனை விரல் அகலம் என்பதில் இறக்கினார். இன்று பெரிய கடைகளில் வண்ணப் பட்டை போட்ட மெத்தை உறைகளைப் பார்த்து வியக்கிறவர்கள், நூறாண்டுக்கு முந்தைய இந்தக் கணக்கையும் ஒருமுறை விரித்துப் பார்க்க வேண்டும்.

பின்னாளில் மென்மையான செயற்கைப் பட்டு நூல் வந்தபோது இந்தக் கட்டாயம் கொஞ்சம் தளர்ந்தது. நடுப்பகுதியில் பளபளக்கும் நிறம், ஓரங்களில் பூவும் கொடியும் என்று பட்டு ஜமக்காளம் பிறந்தது. மணமக்கள் பெயரை ஓரத்தில் நெய்து தரச் சொல்லி வாங்குவோரும் உண்டு. எழுத்து ஏறும் இடத்தில் நூலை எண்ணி எண்ணித்தான் நெய்ய முடியும். வேகம் தானாகவே குறைந்துவிடும்.

நெய்யும் இடம் குழித்தறி. தரையோடு தரையாக உட்கார்ந்து, காலிரண்டையும் குழிக்குள் விட்டு நெசவாளி மிதியை மாற்றி மாற்றி மிதிக்கிறார். நெடுக்கு நூலான பாவு இரண்டாகப் பிளக்கிறது, அதனூடே நாடா ஓடுகிறது. பிறகு வருவதுதான் ஜமக்காளத்தின் உயிர்: குறுக்கு நூலான ஊடையை ஓங்கி அடித்து நெருக்குவது. வடிகட்டின பொய்க்கு உவமையான அந்த இறுக்கம் இந்தத் தோள்பட்டையிலிருந்துதான் வருகிறது. அகலமான ஜமக்காளத்துக்கு ஒருவர் கை எட்டாது. இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்க வேண்டும். மிதியும் அடியும் இருவருக்கும் ஒரே தாளத்தில் விழ வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அன்று அந்தத் தறிக்கும் ஓய்வுதான்.

இப்படி நெய்ததை வீடு எப்படியெல்லாம் பயன்படுத்தியது! பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார, கல்யாணத்தில் பந்தியில் அமர, திண்ணையில் கதை பேச, மொட்டை மாடியில் கோடை ராத்திரி முழுக் குடும்பமும் வரிசையாகப் படுக்க என்று எல்லாவற்றுக்கும் ஜமக்காளம்தான். தலையணை இல்லாமல் தூங்கியெழுந்த பிள்ளையின் கன்னத்தில் நெசவின் வரிகள் பதிந்திருக்கும். சினிமாவில் பஞ்சாயத்து கூடினால் ஆலமரத்தடியில் ஜமக்காளம் விரியாமல் காட்சி தொடங்காது.

பவானி இப்படித் தரையைப் பிடித்தபோது, அதே வட்டாரத்துச் சென்னிமலை படுக்கை விரிப்பைப் பிடித்தது. அந்த நெசவூரில் 1904-ல் பிறந்த விடுதலைப் போராளி குமரன்தான் திருப்பூர் வீதியில் தேசியக் கொடியோடு அடிபட்டு 1932 ஜனவரி 11 அன்று உயிர்விட்டவர். அன்றைய திருப்பூர் கதரின் ஊர். பனியனின் ஊராக அது உலகறிந்தது பிற்பாடு. பனியன் வந்ததும் கைவினைக்கு ஒரு புதிய மூலப்பொருளும் சேர்ந்து வந்தது. வெட்டு மேசையில் மிஞ்சும் பனியன் துண்டை நாடாவாகக் கிழித்து இழுத்துப் பாருங்கள்: ஓரங்கள் உள்ளே சுருண்டு கயிறு போலாகிவிடும். அந்தக் கயிற்றை ஊடையாகக் கொடுத்தால் மிதியடி தயார். ஏற்றுமதிக்குப் போன சட்டைகளின் நிறமெல்லாம் கலந்து கிடக்கும் அந்த மிதியடி, கொங்கு நாட்டில் எத்தனையோ வீட்டு வாசல்களில் கிடக்கிறது.

ஜமக்காளத்தைக் காப்பாற்றச் சட்டம் இல்லாமல் இல்லை. 1985-ல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம், கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டிய பொருள்களின் பட்டியலை வகுக்க வழிசெய்தது. பின்னர் 11 வகைகளாகச் சுருங்கிய அந்தப் பட்டியலிலும் ஜமக்காளம் நிற்கிறது. 2005-ல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் சோலாப்பூர் விசைத்தறியில் ஓடிய விரிப்புகள் பவானி என்ற பெயரிலேயே கடைக்கு வருகின்றன. விலை மலிவு, பார்வைக்கும் அதே பட்டைகள். இரண்டையும் கையில் ஒருமுறை வாங்கிக் கனம் பார்க்கச் சொல்லித் தருவதுதான் வாங்குபவருக்கு நாம் செய்யும் முதல் உதவி. பேரை இரவல் கொடுத்துவிட்டு நெசவாளி பிழைப்பைப் பறிகொடுப்பது சாதாரண இழப்பு அல்ல.

இன்னொரு மாற்றத்துக்குச் சட்டமே கிடையாது. வீடுகளில் தரையில் உட்காருவது குறைந்துபோயிற்று. சோபாவும் கட்டிலும் வந்த பிறகு பத்துப் பேர் உட்காரும் விரிப்பை எங்கே விரிப்பது? பவானி மறுபடியும் தன் முன்னோர் செய்ததையே செய்ய வேண்டியிருக்கிறது: துணியை மாற்றிக்கொள்வது. மேசை விரிப்பு, மெத்தை உறை, கைப்பை என்று அளவு சுருங்கி வருகிறது. துபாயில் பணிபுரியும் தமிழ் வடிவமைப்பாளர் வினோ சுப்ரஜா, பவானி ஜமக்காளத்தில் செய்த பைகளை 2023-ல் லண்டன் ஃபேஷன் வீக் மேடைக்குக் கொண்டுபோனார். அந்த மேடையில் பவானி நெசவாளி ஒருவரும் அவரோடு நடந்துவந்தார்.

வீட்டில் பழைய பவானி ஜமக்காளம் கிடந்தால் பரண்மேல் மடித்துப் போட வேண்டாம். பெரும்பாலும் நடுவில்தான் தேய்ந்திருக்கும். ஓரத்துப் பட்டைகள் புதிதுபோலவே இருக்கும். அந்தப் பகுதியை வெட்டி, நூல் பிரியாமல் சுற்றிலும் துணி நாடா வைத்துத் தையற்காரரிடம் அடித்து வாங்கினால் ஊஞ்சல் பலகைக்கு ஒரு விரிப்பு, ஜன்னல் திண்டுக்கு ஒன்று, சுவரில் மாட்ட ஒன்று என்று மூன்று தேறும்.