ஒரு துண்டில் தொடங்கும் போர்வை

தையல் பழக விரும்பும் ஒருவர் முதன்முதலிற் செய்யத்தக்க எளிய வேலை ஒன்றுண்டு. சிறிய சதுரத் துணியொன்றை நடுவில் வைத்து, அதன் ஒரு பக்கத்தோடு நீளத்துண்டொன்றை முகத்தோடு முகம் பொருத்தி, விளிம்பிலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். விரித்து அழுத்திய பின் துணியைத் திருப்பி, முதல் துண்டின் முனையையும் சேர்த்து அடுத்த பக்கத்துக்கு இன்னொரு துண்டு. இப்படியே சுற்றிச் சுற்றி வரச் சதுரத்தைச் சூழ்ந்து சதுரமாக ஒரு கட்டம் வளர்ந்துவிடும். வரைபடம் தேவையில்லை. துண்டுகள் ஒரே அகலமாய் இருக்கவேண்டும் என்பதுமில்லை. ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலே ஜீஸ் பென்ட் என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் இதனை ‘ஹவுஸ்ரொப்’, அதாவது வீட்டுக்கூரை என்பர். இந்தக் கூரையின் கதையையே இன்று நோக்கவிருக்கின்றோம்.

ஜீஸ் பென்ட், அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைந்து சூழ்ந்த நிலம். 1816இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கு பருத்தித் தோட்டம் அமைத்தார். 1845இல் அது மார்க் பெற்வே என்பவரின் கைக்கு மாறியது. அடிமைகளுக்கும் எசமானின் பெயரே ஒட்டிக்கொண்டது. இன்றும் அவ்வூரிற் பெற்வே என்ற பெயருடையோர் பலர். 1865இல் அடிமைமுறை ஒழிந்தபோதும் நிலம் உழுதவர்க்கு வந்து சேரவில்லை. குத்தகையும் கடனுமாய் வாழ்ந்த அம்மக்கள்மீது 1932இல் பேரிடி விழுந்தது. கடன் கொடுத்த வணிகர் இறந்ததும் அவர் குடும்பத்தார் ஆட்களை ஏவி, கலப்பை, கால்நடை, சோளம் என அகப்பட்டதையெல்லாம் வாரிச் சென்றனர். செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவே பின்னர் உயிர் காத்தது.

மரக்குற்றிகளால் ஆன வீடுகளின் இடுக்குகளூடே குளிர்காற்று நுழையும். போர்வை ஒன்று போதாது. கடையில் துணி வாங்க வழியேது? உழைத்துத் தேய்ந்த காற்சட்டை, கிழிந்த சட்டை, மாச்சாக்கு எல்லாமே துண்டுகளாயின. பருத்தி ஆலையின் தரையிற் கூட்டியள்ளிய பஞ்சு உள்ளே போயிற்று. மேற்பகுதியை ஒருத்தி தனியே இணைப்பாள். மேற்றுணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து ஊசியோட்டுகையில் அயற்பெண்கள் கூடுவர். காற்சட்டையிற் பையைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெயில் படாததால் வெளிறாமற் கருநீலமாய் நிற்கும். துணி தீர்ந்த இடத்தில் நிறம் மாறும். இதனை வெறும் சிக்கனம் என்போர் அப்போர்வைகளை உற்று நோக்கவில்லை என்றே சொல்வேன். துணியைத் தந்தது வறுமைதான். எந்த நிறத்தருகே எந்த நிறம் என்று தீர்மானித்தவள் அந்தப் பெண்.

ஜீஸ் பென்ட் அமைந்த வில்கொக்ஸ் மாவட்டத்திற் கறுப்பின மக்களே பெரும்பான்மையோர். ஆயினும் 1965 தொடக்கத்தில் அவர்களில் ஒருவர்கூட வாக்காளராகப் பதியப்பட்டிருக்கவில்லை. பதிவுக்கென அக்கரையிலுள்ள கம்டன் நகருக்குச் செல்ல அவர்கள் முற்பட்ட காலத்திலேயே, 1962இல், பாதைப்படகு நிறுத்தப்பட்டது. ஆற்றைக் கடந்தாற் கிட்டவிருந்த நகரம், தரைவழியே 40 மைல் அளவிற் சுற்றிப் போகும் தூரமாயிற்று. 1965 பெப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அவ்வூருக்கு வந்து பேசினார். வாக்குரிமைக்காக அணிவகுத்தோர் பலர் வேலையையும் வீட்டையும் இழந்தனர். மறு ஆண்டு ஜீஸ் பென்ட்டையும் அயலூர்களையும் சேர்ந்த பெண்கள் ‘விடுதலைத் தையற் குழு’ என்ற கூட்டுறவை அமைத்துப் போர்வைகளை நியூயோர்க்கில் விற்கத் தொடங்கினர். பணம் வந்தது, கூடவே நிபந்தனையும் வந்தது. பெருங்கடைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்கும் போர்வைகளைக் கேட்டன. மனம்போற் கூரை வேய்ந்த கைகள் அளவுகோலுக்கு அடங்க வேண்டியதாயிற்று. பிழைப்புக்காகச் செய்தார்கள், அதனைக் குறைகூற நாம் யார்?

2002இல் ஹியூஸ்ரன் நுண்கலைக்கூடத்திலும் பின் நியூயோர்க் விற்னி நூதனசாலையிலும் இப்பெண்களின் பழைய போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நவீன ஓவியங்களுக்கு ஒப்பானவை என்று விமர்சகர் வியந்தனர். பொருநராற்றுப்படையிலே வியர்வையில் நனைந்து, வேற்றிழையால் தைக்கப்பட்ட பொருநனின் கந்தையைக் களைந்து நல்லாடை அளிக்கிறான் கரிகாலன். நியூயோர்க்கிலோ கந்தையே சுவரேறியது! 2006இல் இப்போர்வைகளின் உருவங்கள் அமெரிக்க அஞ்சல் முத்திரைகளில் அச்சேறின. பாதைப்படகு மீண்டும் ஓடத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். 44 ஆண்டுகளின் பின்.

அக்காட்சியில் இடம்பெற்ற போர்வைகளுள் ஒன்று 1942இல் மிசூரி பெற்வே தைத்தது. இறந்துபோன கணவனின் வேலை உடுப்புகளையே அவர் வெட்டி இணைத்தார். அவரை நினைக்கவும், அன்போடு அதனுள்ளே போர்த்துக்கொள்ளவும் என்று தாய் கூறியதாக மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். துண்டுகளைப் பிரிக்க அன்று தாய்க்கு உதவியவரும் அந்த மகளே. இப்போது அப்போர்வை வாஷிங்டனிலுள்ள தேசிய கலைக்கூடத்தின் உடைமை.