சபேலோ தீவின் ஏடும் புளூஸ் பாடலும்

மாநகரங்களின் ஆங்கில நாளிதழ்களில் வார இறுதி நிகழ்ச்சிகளுக்கென ஒதுக்கப்படும் பத்தியில் 'ஜாஸ்', 'புளூஸ்' என்னும் இரு சொற்கள் அடிக்கடி தென்படும். எந்த விடுதியில், எந்த மாலையில், யார் இசைக்கவிருக்கிறார்கள் என்பது அங்கே இருக்கும். அவ்விசை எங்கிருந்து வந்தது என்பது இராது. நம் நாட்டுக்கு இது புதிய வரவன்று. 1930களிலேயே பம்பாய் தாஜ்மகால் விடுதியில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் ஜாஸ் இசைத்தனர். 1958இல் டேவ் புரூபெக் குழுவினர் சென்னைக்கு வந்தபோது மிருதங்க வித்துவான் பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்தனர். புளூஸுக்கென்றே 2011இல் மும்பையில் ஓர் ஆண்டுவிழா தொடங்கப்பட்டபோது, இயக்குநர் மெஹபூப் கான் நிறுவிய படப்பிடிப்பு நிலையமே அதற்கு அரங்காயிற்று.

இவ்விசையின் பிறப்பில் முஸ்லிம்களுக்குப் பங்குண்டு என்றொரு கூற்று சில காலமாக உலவி வருகிறது. 'புளூஸ் என்பதே பாங்கோசையிலிருந்து பிறந்ததுதான்' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவோரும் உளர். கேட்பதற்கு இனிக்கும் கூற்று இது. ஆயினும் ஹதீஸ் கலையை நமக்குக் கற்பித்தவர்கள் இனிப்பையா பார்த்தார்கள்? அறிவிப்பாளர் வரிசையை அன்றோ பார்த்தார்கள்! அந்த அளவுகோலையே இங்கும் வைத்துப் பார்ப்போம்.

எழுத்தில் உள்ள சான்றிலிருந்து தொடங்குவதே முறை. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலக் கடலோரத்தில் சபேலோ என்றொரு தீவு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமஸ் ஸ்பால்டிங் என்பவர் அங்கே பருத்தியும் கரும்பும் பயிரிட்டு, சர்க்கரை ஆலையும் கட்டினார். கரும்பைப் பற்றி மூங்கில்துறைப்பட்டு வட்டாரத்தில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்த ஊர் இது. வெட்டிய கரும்பு காய்வதற்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், தாமதித்தால் சாற்றின் இனிப்புக் குறையும், ஆகவே அரைவைப் பருவத்தில் வெட்டுவோருக்கு ஓய்விராது என்பது இங்குள்ள சிறுவரும் அறிந்தது. கூலி பெற்றுச் செய்யும்போதே உடலை முறிக்கும் இந்த வேலையைச் சபேலோவில் கூலியின்றிச் செய்தவர்கள், விலைக்கு வாங்கப்பட்ட ஆப்பிரிக்க மக்கள்.

அவர்களுக்குக் கங்காணியாக வைக்கப்பட்டிருந்தவரும் ஓர் அடிமையே. பிலாலி முஹம்மது என்பது அவர் பெயர். இன்றைய கினி நாட்டிலுள்ள ஃபூத்தா ஜல்லோன் மலைநாட்டில் திம்போ என்னும் ஊரில் பிறந்தவர். பஹாமாஸ் தீவுகளுக்கு விற்கப்பட்டு, அங்கிருந்து சபேலோவுக்குக் கொண்டுவரப்பட்டார். 1857இல் மறைந்த அவர் விட்டுச் சென்ற பொருள்களில், அரபி எழுத்தில் அமைந்த 13 பக்க ஏடு ஒன்றும் இருந்தது. வெள்ளையர் அதை ஒரு தோட்டக் கங்காணியின் நாட்குறிப்பு என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். மொழியியலாளர் ஜோசப் கிரீன்பெர்க் அதன் படியை நைஜீரியாவின் கானோ நகருக்கு எடுத்துச் சென்று, அங்குள்ள ஆலிம்களிடம் காட்டினார். 1940இல் அவர் வெளியிட்ட கட்டுரைதான் அது இன்னதென்று உலகுக்கு அறிவித்தது. ஹிஜ்ரி 386இல் மறைந்த இமாம் இப்னு அபீ ஸைத் அல்கைரவானீயின் 'ரிஸாலா' என்னும் மாலிக் மத்ஹபு சட்டநூலின் பகுதிகளே அதில் இருந்தன!

நம் மதரசாக்களில் ஹனஃபி மாணவர் 'குதூரி'யையும் ஷாஃபிஈ மாணவர் 'ஃபத்ஹுல் முஈன்' நூலையும் ஓதுவதுபோல், மேற்கு ஆப்பிரிக்க மாணவர் ஓதும் பாடநூல் அந்த 'ரிஸாலா'. இளமையில் ஓதியதைப் பல்லாண்டுகள் கழித்து, பார்த்தெழுத ஒரு பிரதியும் இன்றி, பிலாலி நினைவிலிருந்து எழுதியிருக்கிறார். பிழைகள் மலிந்திருக்கின்றன. வாக்கியங்கள் இடையில் அறுந்து போகின்றன. ஆயினும் எந்தப் பகுதிகளை அவர் எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். உளூச் செய்யும் முறையும் பாங்கின் பாடமும் அவற்றில் அடங்கும். ஆக, பாங்கின் சொற்களை அறிந்தவர்கள் அமெரிக்கத் தோட்டங்களில் இருந்தார்கள் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அவர்கள் அதை உரக்க ஒலிக்க முடிந்ததா, அடுத்த தலைமுறை அதைக் கேட்டதா என்பவை வேறு கேள்விகள்.

அடுத்த தலைமுறைகளுக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதற்கும் சிறிது சான்று உண்டு. 1930களில் அக்கடலோரத்து முதியோரிடம் வாய்மொழிச் செய்திகள் திரட்டப்பட்டன. பிலாலியும் அவர் மனைவி ஃபீபியும் விரிப்பின் மீது மண்டியிட்டுத் தொழுததையும், மணிமாலை உருட்டியதையும் அவர்தம் வழிவந்தோர் நினைவுகூர்ந்தனர். அரிசிமாவு உருண்டை செய்து பிள்ளைகளுக்கு வழங்கும் வழக்கம் ஒன்றும் அதில் வருகிறது. அதன் பெயர் 'சராக்கா'. 'ஸதகா' என்னும் சொல் அச்சிறு பலகாரத்தில் உயிர் தப்பியிருக்கிறது. சொல்லின் பொருளை அறியாமலே ஒரு வழக்கம் நூறாண்டு நிலைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமோ?

இன்னொரு சொல்லில் அத்தனை உறுதி இல்லை. அக்கடலோரக் கறுப்பின மக்கள் வட்டமாகச் சுற்றி வந்து பாடும் வழிபாட்டு முறைக்கு 'ரிங் ஷவுட்' என்று பெயர். இப்பெயர் கஅபாவை ஒரு முறை சுற்றி வருவதைக் குறிக்கும் 'ஷவ்த்' என்னும் அரபிச் சொல்லே என்று லாரன்சோ டர்னர் கருதினார். அவர்கள் சுற்றும் திசையும் தவாஃபின் திசையாகவே அமைந்திருக்கிறது. ஆனால், உரக்கக் கூவுவதற்கு ஆங்கிலத்தில் அதே ஒலியுடைய சொந்தச் சொல் இருக்க, அதை ஒதுக்கிவிட்டு அரபிக்குப் போக இந்த ஒற்றுமை மட்டும் போதாது. நான் இதை ஓர் அழகிய ஊகம் என்ற அளவிலேயே வைப்பேன்.

இனி இசைக்கு வருவோம். 1739இல் தென் கரோலினாவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அவர்கள் முரசறைந்து அணிவகுத்ததைக் கண்டு அஞ்சிய ஆட்சியாளர், மறு ஆண்டே சட்டம் இயற்றி முரசையும் ஊதுகொம்பையும் தடை செய்தனர். முரசு பறிபோன மக்களிடம் எஞ்சியவை நரம்புக் கருவியும் தொண்டையும்தாம். இவ்விரண்டிலும் தேர்ந்தவர்கள் செனகல், மாலி போன்ற சவன்னா நாட்டினர். அந்நாடுகளிலேயே இஸ்லாம் வேரூன்றியிருந்தது. பாஞ்சோ என்னும் அமெரிக்க நரம்புக் கருவியின் மூதாதை மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது என்பதை அறிஞர் ஏற்கின்றனர்.

தொண்டையின் கதைதான் சிக்கலானது. 1940களின் இறுதியில் ஆலன் லோமாக்ஸ், மிசிசிப்பி மாநிலப் பார்ச்மன் சிறைப் பண்ணையில் கைதிகளின் வேலைப் பாடல்களைப் பதிவு செய்தார். அவற்றுள் கரைகட்டும் வேலைக்காரர் பாடும் கூவற்பாட்டு ஒன்று உண்டு. பக்கவாத்தியம் இல்லை, தாளக்கட்டும் இல்லை. ஒரே குரல் ஓர் உயிரொலியைப் பற்றிக்கொண்டு மேலேறி, வளைந்து, நடுங்கி இறங்குகிறது. 'அல்லாஹ்வின் அடியார்கள்' என்னும் நூலை 1998இல் எழுதிய வரலாற்றாசிரியர் சில்வியான் தியூஃப், தம் சொற்பொழிவுகளில் இப்பதிவையும் பாங்கோசையையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்வார். கேட்போர் வியந்து போவர். நமக்கும் அவ்வியப்பு நேரும், மறுப்பதற்கில்லை. இத்தகைய தனிக்குரல் கூவல்களிலிருந்தே புளூஸ் கிளைத்தது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து.

ஆனால் வியப்பு சான்றாகாது. தஜ்வீதில் மத்து எத்தனை அலிஃப் நீளலாம் என்பதற்கு வரம்புண்டு. கூவற்பாட்டில் பாடுபவன் மூச்சே வரம்பு. ஓர் உயிரொலியில் பல சுரங்களை உருட்டுவது முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதும் அன்று. அமெரிக்கக் கிறித்தவ ஆலயங்களில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் நீட்டிப் பாடிய இங்கிலாந்துவழிக் கீர்த்தனைகளிலும் அது உண்டு. 'ஆப்பிரிக்காவும் புளூஸும்' என்ற நூலை 1999இல் வெளியிட்ட கெர்ஹார்ட் கூபிக் இவ்விடத்தில் நிதானமாகப் பேசுகிறார். அலையும் சுரமும், கரகரத்த குரலும், நீட்டிசையும் அரபு-இஸ்லாமியத் தொடர்பால் சவன்னாவில் பரவிய பாணி என்கிறார். அதே மூச்சில், 1964இல் கேமரூன் நாட்டுச் சிற்றூரில் மாவரைக்கும் கல்லருகே ஒரு பெண் பாடிய பாட்டையும் புளூஸின் உறவென்று காட்டுகிறார். அந்த உழவர் மரபு இஸ்லாத்துக்கும் முந்தியது. இரு ஓடைகள் கலந்த ஆற்றில் ஒன்றை மட்டும் பெயர் சொல்லி உரிமை கொண்டாடுவது முறையாகுமா?

என் முடிவு இதுதான்: ஓதிய தொண்டைகள் அத்தோட்டங்களில் இருந்தன என்பது உறுதி. அவற்றின் சாயல் புளூஸில் படிந்தது என்பது மிக இயல்பான ஊகம். பாங்கே புளூஸாயிற்று என்பது மிகை. பாங்கு இசையன்று என்று மார்க்க அறிஞர் வகுத்த எல்லையையும் அம்மிகை குழப்பிவிடும்.

20ஆம் நூற்றாண்டில் இஸ்லாத்தைத் தழுவிய ஜாஸ் கலைஞர்களின் கதைக்கு ஊகம் தேவையில்லை. அவர்களுள் பலர் அஹ்மதியா இயக்கத்தின் வழியே அறிமுகம் பெற்றனர். அதன் கொள்கை பற்றிய விவாதம் இங்கு வேண்டியதில்லை. பியானோக் கலைஞர் அஹ்மத் ஜமால் 1959இல் சிகாகோவில் 'அல்ஹம்ரா' என்னும் பெயரில் உணவகத்தோடு கூடிய இசையரங்கு திறந்தார். அங்கே மது பரிமாறப்படவில்லை. மது விற்பனையே விடுதிகளின் வருவாயாக இருந்த தொழிலில் இது துணிச்சலான செயல். 1961இல் அரங்கு மூடப்பட்டது. யூசுஃப் லத்தீஃபோ பிற்காலத்தில் மது விற்கும் அரங்குகளில் வாசிப்பதையே நிறுத்திக்கொண்டார். 'ஜாஸ்' என்ற சொல்லையும் அவர் தம் இசைக்கு ஏற்கவில்லை. வார இறுதி அறிவிப்புகளில் வரும் விடுதிகள் பெரும்பாலும் எத்தகையவை என்பதை அறிந்த வாசகருக்கு இவ்விருவரின் பிடிவாதம் விளங்கும்.

ஃபூத்தா தோரோ நாட்டு ஆலிம் உமர் இப்னு ஸயீத் 1807இல் சிறைபிடிக்கப்பட்டு, தென் கரோலினாவின் சார்லஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டார். கொடிய எசமானிடமிருந்து தப்பியோடிப் பிடிபட்டபோது, சிறைச்சுவரில் கரியால் அரபி எழுதினார். 1831இல் அரபியிலேயே தன்வரலாறும் எழுதினார். உடைமை யாவும் இறைவன் கையில் என்று தொடங்கும் 'அல்முல்க்' அத்தியாயத்தை அதன் முகப்பில் வைத்தார். விலைக்கு வாங்கப்பட்ட ஒருவர் அதைத் தேர்ந்தது தற்செயலாக இருக்க முடியாது. அவ்வரலாற்றை ரியானன் கிட்டன்ஸ், மைக்கேல் ஏபல்ஸ் இருவரும் 'உமர்' என்னும் இசைநாடகமாக அமைத்தனர். கிட்டன்ஸ் பாஞ்சோ இசைப்பதில் பெயர் பெற்றவர். 2023இல் அதற்கு இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டின் மே மாதத்தில் அது முதன்முதலாக அரங்கேறியது சார்லஸ்டனில்.