வலம், இடம், குடம்: ஒரு வில்லுப்பாட்டு கேசட்டும் ஆறு ஸ்பீக்கரும்

(எபிசோடிலிருந்து எடுத்து எழுதி, கொஞ்சம் சுருக்கியது.)

டெஸ்க்டாப் கம்ப்யூட்டரோட பின்பக்கத்தை என்னைக்காவது எட்டிப் பாத்திருக்கீங்களா? தூசிக்கு நடுவுல சின்னச் சின்னதா வட்டமான ஓட்டைகள் வரிசையா இருக்கும். பச்சை, நீலம், ரோஸ். சில போர்டுல கூடவே கறுப்பும் ஆரஞ்சும் இருக்கும். நம்மில் முக்கால்வாசிப் பேர் பச்சையில ஹெட்போனைச் சொருகுறதோட சரி. மத்த ஓட்டைகள் எதுக்கு, அதுக்குப் பின்னாடி என்ன வரலாறுன்னு எனக்கும் ரொம்ப நாள் தெரியாது. எங்க மாமா வீட்ல ஒரு ராத்திரி நடந்த கூத்துலதான் தெரிஞ்சுது.

மாமா வீடு நாகர்கோவில் பக்கம். ரொம்ப வருஷம் சவுண்ட் சர்வீஸ் வச்சிருந்தார். கல்யாணம், சர்ச் திருவிழா, கோயில் கொடை எதுவானாலும் தென்னை மரத்துல குழாய் ஸ்பீக்கரைக் கட்டிட்டு ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல ராத்திரி முழுக்க முழிச்சிருப்பார். அவரோட அப்பா, எனக்குத் தாத்தா முறை, வில்லுப்பாட்டுல குடம் அடிச்சவர். தாத்தா அடிச்ச ஒரே ஒரு கொடை மட்டும் கேசட்ல இருந்துச்சு. மாமாவே தன் ஆம்ப்ளிஃபயர்ல இருந்து ஒயர் போட்டு, கல்ஃப்ல இருந்து வந்த டேப் ரெக்கார்டர்ல பதிஞ்சது.

மாமா மகன், எனக்கு அண்ணன், ஒரு பழைய ஏ.வி. ரிசீவரையும் 5.1 ஸ்பீக்கர் செட்டையும் டெஸ்க்டாப்போட இணைச்சார். டி.வி.டி. படம் போட்டா ஹெலிகாப்டர் தலைக்கு மேல பறந்துச்சு. அடுத்து தாத்தா கேசட். டேப் ரெக்கார்டரை நீல ஓட்டையில சொருகி, கம்ப்யூட்டர்ல ஏத்தி, ரிசீவரை புரோ லாஜிக்ல வச்சு ஓட விட்டார். நடு ஸ்பீக்கர் மட்டும்தான் பாடுச்சு. மத்த நாலும் ஊமை. சப்-வூஃபர்ல லேசா ஒரு முனகல், அவ்வளவுதான்.

அண்ணன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒயரைக் கழட்டி மாட்டினார். ஸ்பீக்கர் டெஸ்ட் போட்டா ஆறும் ஒழுங்கா சத்தம் கொடுக்குது. கேசட்டைப் போட்டா மறுபடியும் நடு மட்டும். தூக்கம் கலைஞ்சு வந்த மாமா ரெண்டு நிமிஷம் கேட்டார். "லேய் மக்கா, ஒயரு செரியாத்தாம்டே இருக்கு. ஒரு மைக்குலதான பாடுனாவ? பொறவு எப்படி நாலு பக்கம் கேக்கும்?"

அவர் சொன்னது நூத்துக்கு நூறு சரி. ஏன் சரின்னு புரிய கொஞ்சம் பின்னாடி போகணும்.

1931-ல லண்டன்ல ஆலன் பிளம்லைன்னு ஒரு இன்ஜினியர் இருந்தார். ஒரு தடவை மனைவியோட சினிமாவுக்குப் போனப்போ, நடிகர் திரையில இடமிருந்து வலம் நடந்தாலும் குரல் மட்டும் ஒரே இடத்துல நிக்குதேன்னு எரிச்சல்பட்டாராம். அந்த வருஷ டிசம்பர்லயே, இன்னைக்கு நாம ஸ்டீரியோன்னு சொல்றதுக்கான காப்புரிமைக்கு விண்ணப்பிச்சார். நமக்கு ரெண்டு காது இருக்கு. ஒரு சத்தம் எந்தக் காதுக்கு முதல்ல, எதுக்கு பலமா வருதுங்கிறதை வச்சுதான் மூளை திசையைக் கண்டுபிடிக்குது. அப்படின்னா பதியறப்பவே ரெண்டு மைக் வேணும். 1942-ல ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து, நாற்பது வயசு ஆகுறதுக்குள்ள அவர் இறந்துட்டார். தன் ஸ்டீரியோ வீட்டுக்கு வீடு போனதை அவர் பாக்கவே இல்லை.

அதே சமயம் அமெரிக்காவுல பெல் ஆய்வுக்கூடத்துக்காரங்க ரெண்டு போதாதுன்னாங்க. 1933 ஏப்ரல்ல பிலடெல்பியாவுல ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க, அந்த இசை மூணு தனித்தனி லைன்ல வாஷிங்டனுக்குப் போச்சு: இடம், நடு, வலம். அங்க மேடையில ஆளே இல்லாம, ஸ்பீக்கர் வழியா கச்சேரி கேட்டுச்சு. நடு எதுக்குன்னு கேட்டா, ரெண்டே ஸ்பீக்கர் இருந்தா சரியா மையத்துல உக்காந்தவருக்கு மட்டும்தான் பாடகர் மையத்துல இருப்பார். ஓரத்து சீட்காரருக்குப் பக்கத்து ஸ்பீக்கரே மொத்தமா பாடுற மாதிரி இருக்கும். 1940-ல டிஸ்னியோட 'ஃபேண்டேசியா' இந்த மூணோட அரங்கைச் சுத்தியும் ஸ்பீக்கரைச் சேர்த்துச்சு. அந்தச் செட்டப் செலவு கட்டுப்படியாகலை. விரல்விட்டு எண்ணுற அரங்குகளோட நின்னுபோச்சு.

இங்க எனக்கு நாஞ்சில் நாட்டுக் கோயில் பந்தல்தான் ஞாபகத்துக்கு வருது. வில்லுப்பாட்டுக் குழு எப்படி உக்காந்திருக்கும்? நடுவுல புலவர், எங்க ஊர்ல அண்ணாவி. அவர் கையில வீசுகோல். வலப்பக்கம் வலம் பாடுறவர், இடப்பக்கம் இடம் பாடுறவர். அண்ணாவி ஒரு அடியைச் சொன்னா பக்கத்துல இருந்து பதில் வரும், கேட்கிறவங்க தலை தானா திரும்பும். பனை வில்லோட நடுவுல குடம், அதோட வாயில பாளையால செஞ்ச பத்தியால அடிப்பாங்க. உடுக்கை, தாளம், கட்டை தனி. சுடலைமாடன் கதையோ முத்துப்பட்டன் கதையோ, விடிய விடிய ஓடும். ஒழுகினசேரியில பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்கூட ஆரம்பத்துல வில்லுப்பாட்டுக்காரர்தான். பெல் ஆய்வுக்கூடத்தைப் பாத்தா இவங்க செஞ்சாங்க? இல்லை. நம்மாளுங்க ஸ்டீரியோவை முன்னாடியே கண்டுபிடிச்சாங்கன்னு வாட்ஸ்அப் ஃபார்வேர்டு கணக்கா நான் சொல்லவும் வரலை. மைக்கே இல்லாத இடத்துல, கூட்டத்துக்குப் பாடணும்னா யார் எங்க உக்காரணுங்கிற யோசனை தானா வந்திருக்கும்.

குடத்தைப் பத்தி தனியா சொல்லணும். வாய் குறுகி, வயிறு பெருத்த ஒரு பாத்திரத்துக்குள்ள இருக்கிற காத்து ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். வாயில தட்டினா தனக்குன்னு உள்ள ஒரு தாழ்ந்த சுருதியில அது முழங்கும். 19-ம் நூற்றாண்டுல ஹெல்ம்ஹோல்ட்ஸ்ங்கிற ஜெர்மானியர் இதை ஆராய்ஞ்சதால இதுக்கு அவர் பேரு. 1930-கள் ஆரம்பத்துல பெல் ஆய்வுக்கூடத்தோட ஆல்பர்ட் துராஸ் இதே தத்துவத்துல ஸ்பீக்கர் பெட்டியில துளை போட்டு காப்புரிமை வாங்கினார். உங்க சப்-வூஃபர் பெட்டியில கை நுழையுற அளவுக்கு ஒரு குழாய் இருக்கே, அது குடத்தோட வாய்தான்.

நம்ம ஊர்ல இதுக்கு இன்னொரு கிளைக்கதை. எண்பது, தொண்ணூறுகள்ல டீக்கடை, சலூன், கேசட் கடைன்னு எங்க பாத்தாலும் மண்பானை வாயில ஸ்பீக்கரை வச்சிருப்பாங்க. அலங்காரத்துக்கு இல்லைங்க. வெறும் ஸ்பீக்கரோட முன்பக்கம் காத்தைத் தள்ளுறப்போ பின்பக்கம் இழுக்கும். தாழ்ந்த சத்தத்துல இந்த ரெண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும், பேஸ் காணாமப் போயிடும். பானை அந்தப் பின்பக்கத்து அலையைப் பிடிச்சு வச்சுக்கும். பெட்டி செய்ய ஆசாரிக்குக் கொடுக்கிற காசுல பத்துப் பானை வாங்கிடலாம்.

சினிமாவுக்கு வருவோம். எழுபதுகள் நடுவுல டால்பி கம்பெனி ஒரு தந்திரம் பண்ணுச்சு. பிலிம் ஓரத்துல ரெண்டு ஒலித்தடத்துக்குத்தான் இடம். அந்த ரெண்டுக்குள்ள நாலைச் சுருட்டி வச்சாங்க. ரெண்டு தடத்துலயும் அச்சு அசலா ஒரே மாதிரி இருக்கிற சத்தம் நடு ஸ்பீக்கருக்கு. நேரெதிரா இருக்கிறது பின்பக்கத்துக்கு. இதையே வீட்டுக்குன்னு 1987-ல கொண்டுவந்ததுதான் புரோ லாஜிக்.

இப்போ தாத்தா கேசட்டை நினைச்சுப் பாருங்க. ஒரு மைக். கம்ப்யூட்டர் அதை இடத்துலயும் வலத்துலயும் ஒரே மாதிரி எழுதி வச்சிருக்கு. ரிசீவர் பாத்தது, "ரெண்டும் ஒண்ணு, அப்போ நடு." அது தன் வேலையை அவ்வளவு சுத்தமா செஞ்சதைத்தான் அண்ணன் ராத்திரி முழுக்க பழுதுன்னு நினைச்சார்.

5.1-ங்கிற பேரும் எண்பதுகள்ல வந்ததுதான். டாம்லின்சன் ஹோல்மன்ங்கிற ஒலி நிபுணர் 1987-ல ஒரு கூட்டத்துல சொன்னது. முழு அலைவரிசையோட அஞ்சு, அடித்தொண்டைக்கு மட்டும் ஒரு சின்னத் துண்டு, அதுக்கு .1. 1992-ல டால்பி டிஜிட்டல், 1993-ல 'ஜுராசிக் பார்க்' கூட டி.டி.எஸ். தமிழுக்கு 1995-ல 'குருதிப்புனல்' டால்பியைக் கொண்டுவந்துச்சு, அடுத்த வருஷம் 'கருப்பு ரோஜா' டி.டி.எஸ்.ஸை. அப்புறம் கொஞ்ச காலம் போஸ்டர்ல ஹீரோ பேரு அளவுக்கு டி.டி.எஸ். எழுத்தும் பெருசா இருந்துச்சு.

கம்ப்யூட்டர் இந்த ஊர்வலத்துல கடைசியா வந்து சேர்ந்த ஆள். ஐ.பி.எம். பி.சி. முதல்ல 'பீப்' மட்டும்தான் போடும். 1989-ல சிங்கப்பூர் கிரியேட்டிவ் கம்பெனி விட்ட சவுண்ட் பிளாஸ்டர் கார்டு மோனோ. 1991-ல ஸ்டீரியோ. 2000 வாக்குல அதே கம்பெனியோட 5.1 கார்டு. சினிமா அறுபது வருஷம் நடந்த தூரத்தை இது பதினொரு வருஷத்துல ஓடிடுச்சு. நடுவுல மைக்ரோசாஃப்டும் இன்டெல்லும் சேர்ந்து போட்ட 'பி.சி. 99' வழிகாட்டிதான் இந்த வண்ணங்களைப் பரவலாக்குச்சு. ரோஸ் மைக்குக்கு, நீலம் உள்ளே வர்ற சத்தத்துக்கு, பச்சை முன் ஸ்பீக்கருக்கு. கறுப்பு பின் ஸ்பீக்கர், ஆரஞ்சு நடுவும் சப்-வூஃபரும். மூணே ஓட்டை இருக்கிற போர்டுன்னா மென்பொருள்ல 5.1-ஐத் தேர்ந்தெடுத்ததும் நீலம் பின் ஸ்பீக்கரா மாறும், ரோஸ் நடு, சப்-வூஃபரா மாறும். இதைத் தெரியாம நல்ல போர்டைக் குறை சொன்னவங்க எத்தனை பேரோ.

ஆப்டிகல் ஒயர்ல ஒரே ஒயர்தானே, சுலபம்னு நினைப்போம். அதுல சுருக்காத சத்தம்னா ரெண்டு சேனலுக்குத்தான் இடம். டி.வி.டி. படத்துல ஆறும் ஏற்கெனவே சுருக்கி இருக்கிறதால அப்படியே போயிடும். கேம் அந்தந்த நொடியில சத்தத்தை உண்டாக்குது. அதை உடனுக்குடன் சுருக்கித் தர்ற வசதி கார்டுல இல்லைன்னா வெறும் ஸ்டீரியோதான். எச்.டி.எம்.ஐ. வந்தப்புறம்தான் இந்தத் தலைவலி தீர்ந்துச்சு.

சரி, கேசட்டுக்கு வர்றேன். அன்னைக்கு ராத்திரி அண்ணன் விடலை. எல்லா ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம் வர்ற மோடைப் போட்டார். அறை முழுக்க வில்லுப்பாட்டு. மாமா முகம் சுளிச்சார். "இது வேண்டாம்டே. அண்ணாவி முதுகுக்குப் பொறத்த நின்னு பாடுதது மாதிரி இருக்கு." நடு ஸ்பீக்கரை மட்டும் வைக்கச் சொல்லி, தரையில உக்காந்து கேட்டார். மைக் அண்ணாவி வாய்க்கு நேரா இருந்ததால தாத்தாவோட குடம் எங்கேயோ அடுத்த அறையில தட்டுற மாதிரிதான் கேட்டுச்சு. குழாய் ஸ்பீக்கருக்கு தாழ்ந்த சத்தம் வரவே வராது. தெருக்கோடியில இருந்தவனுக்குப் பாட்டும் வில்லோட மணிச்சத்தமும் கேட்டிருக்கும். குடம் கேக்கணும்னா பந்தலுக்குள்ள வந்து உக்காரணும்னார் மாமா. தாத்தா ஆயுசு முழுக்க அடிச்ச சத்தம், தன் ஸ்பீக்கர் வழியா ஒருநாளும் ஊருக்குப் போய்ச் சேரலைன்னு அவர் சொன்னப்போ நாங்க யாரும் எதுவும் பேசலை.

சில வருஷம் கழிச்சு, அதே கோயில் கொடைக்கு அண்ணன் நாலு மைக்கோட போனார். அண்ணாவிக்கு ஒண்ணு, வலத்துக்கு ஒண்ணு, இடத்துக்கு ஒண்ணு, குடத்தோட வயித்துக்கிட்ட ஒண்ணு. நாலையும் தனித்தனித் தடமா பதிஞ்சார். வீட்டுக்கு வந்து, ரிசீவரோட பின்பக்கம் இருந்த ஆறு ஓட்டையிலயும் பச்சை, கறுப்பு, ஆரஞ்சுன்னு மூணு ஒயரைப் பிரிச்சு மாட்டினார். முதல் தடவை போட்டப்போ அண்ணாவி சப்-வூஃபருக்குள்ள இருந்து முழங்கினார். ஆரஞ்சுல நடுவும் சப்-வூஃபரும் ஒரே ஒயர்ல வர்றதால பலரும் சறுக்குற இடம் அது. ரெண்டு பின்னையும் மாத்தினதும் அண்ணாவி நடுவுக்கு வந்துட்டார், குடம் தரைக்கு இறங்கிடுச்சு. மாமா தரையில உள்ளங்கையை வச்சுப் பாத்தார்.

அப்புறம் தலையைச் சாய்ச்சு ரெண்டு பக்கமும் கேட்டார். "வலத்தே ஆளு எங்கடே?"

"இந்தா, வலது ஸ்பீக்கர்ல."

"அவருக்கு வலதுடே அது. பந்தல்ல நாம எதுக்கல்லா இருக்கோம்? நமக்கு இடப்பக்கம்லா வரணும்."

அண்ணன் டேபிளுக்குப் பின்னாடி குனிஞ்சு, பச்சை ஒயரோட சிவப்புப் பின்னையும் வெள்ளைப் பின்னையும் கழட்டி இடம் மாத்தினார்.